சூதாட்டச் சில்லு

சூதாட்டச் சில்லு என்பது கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகளில் பணத்துக்கு மாற்றாகப் பயன்படும் சிறிய வட்ட வில்லை ஆகும். ஆட்டக்காரர் தம் பணத்தைக் காசாளரிடமோ ஆட்ட மேசையிலோ கொடுத்து, அதற்கு ஈடான சில்லுகளைப் பெறுகிறார். ஆட்டம் முடிந்ததும் மீதமுள்ள சில்லுகளைத் திருப்பிக் கொடுத்துப் பணமாக மாற்றிக்கொள்கிறார். மிகப் பெரிய தொகைகளுக்கு வட்டச் சில்லுகளுக்குப் பதிலாகச் செவ்வகத் தகடுகளைப் பயன்படுத்தும் வழக்கம் ஐரோப்பாவில் உண்டு. இவை பிளேக் எனப்படுகின்றன.

தோற்றம்

சில்லின் முன்னோடி சூதாட்டப் பொருள் அன்று, கணக்குப் பொருள். இடைக்கால ஐரோப்பாவில் கோடிட்ட பலகையின் மீது உலோக வில்லைகளை வைத்தும் நகர்த்தியும் கூட்டல் கழித்தல் செய்தனர். இந்த வில்லைகள் பிரெஞ்சு மொழியில் ஜெத்தோன் எனப்பட்டன. 'எறிதல்' என்று பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. செருமனியின் நியூரம்பெர்க் நகரம் இவற்றைப் பெருமளவில் அச்சடித்தது. தாளில் எண் எழுதிக் கணக்கிடும் முறை பரவிய பின் கணக்கு வில்லைகளுக்குத் தேவை குறைந்தது. சீட்டாட்டத்தில் வெற்றி தோல்வியைக் குறிக்கும் பழக்கத்தில் மட்டும் அவை நிலைத்தன. ஐரோப்பிய விடுதிகளில் சில்லுக்கு இன்றும் ஜெத்தோன் என்றே பெயர்.

அரசு அனுமதி பெற்ற முதல் பொதுச் சூதாட்டக் கூடமாகக் கருதப்படும் ரிதோத்தோ, 1638-இல் வெனிசு நகரில் திறக்கப்பட்டு 1774-இல் மூடப்பட்டது. அக்காலக் கூடங்களில் பெரும்பாலும் நாணயங்களே மேசையில் புழங்கின. வீடுகளில் சீட்டாடிய செல்வந்தர்களோ எலும்பு, தந்தம், முத்துச்சிப்பி ஆகியவற்றாலான வில்லைகளை விரும்பினர்.

18-ஆம் நூற்றாண்டில் சீனாவின் கேன்டன் (இன்றைய குவாங்சோ) நகரக் கைவினைஞர்கள் முத்துச்சிப்பியில் நுண்ணிய வேலைப்பாடுகள் கொண்ட வில்லைகளைச் செய்து, ஆங்கிலேய வணிகக் கப்பல்கள் வழியே ஏற்றுமதி செய்தனர். வாங்கும் குடும்பத்தின் மரபுச் சின்னமோ பெயரின் முதலெழுத்துகளோ அவற்றில் பொறிக்கப்பட்டன. இவற்றுள் பல மீன் வடிவில் இருந்தன. வில்லையைக் குறித்த 'ஃபிஷ்' என்னும் பிரெஞ்சுச் சொல், மீனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலித்ததே இதற்குக் காரணம் என்பர். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்டு பிரெஜுடிஸ்' (1813) புதினத்தில் லிடியா தான் வென்ற, தோற்ற மீன்களைப் பற்றி ஓயாது பேசுகிறாள். அவை இந்த வில்லைகளே.

அமெரிக்காவில் வளர்ச்சி

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் போக்கர் ஆட்டம் பரவியபோது நாணயம், தங்கக் கட்டி, தங்கத் தூள் என எது கிடைத்ததோ அதைப் பந்தயமாக வைத்தனர். ஒரு சிட்டிகைத் தங்கத் தூளின் மதிப்பு எவ்வளவு என்பதில் சச்சரவு எழுவது இயல்பே. எனவே, எண்ணி வைக்கக்கூடிய, ஒரே அளவுள்ள வில்லைகள் தேவைப்பட்டன. முதலில் தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றால் செய்தனர். ஆனால் எளிய வில்லையை யார் வேண்டுமானாலும் செய்து மேசையில் நுழைத்துவிடலாம். 1880-களில் களிமண்ணையும் அரக்கையும் கலந்து அச்சில் அழுத்திச் செய்யும் முறை பரவியதும், போலி செய்யக் கடினமான உருவங்களைச் சில்லில் பொறிக்க முடிந்தது.

அக்காலப் போக்கர் சில்லுகளில் வெள்ளை குறைந்த மதிப்பும், சிவப்பு நடுத்தர மதிப்பும், நீலம் உயர்ந்த மதிப்பும் பெற்றிருந்தன. நம்பகமான பெரிய நிறுவனங்களின் பங்குகளைப் 'புளூ சிப்' பங்குகள் என்று அழைக்கும் வழக்கு, 1920-களில் இதிலிருந்தே தோன்றியது.

நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதன் பின் லாஸ் வேகஸ் நகர விடுதிகள் தத்தம் பெயரும் சின்னமும் பொறித்த சில்லுகளை வெளியிட்டன. 1960-களின் நடுவில் வெள்ளி டாலர் நாணயங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, காசு இயந்திரங்களுக்காக உலோக வில்லைகளும் அச்சடிக்கப்பட்டன.

அமைப்பும் நிறமும்

இன்றைய கேசினோ சில்லின் பொதுவான விட்டம் 39 மில்லிமீட்டர். எடை 8 முதல் 10 கிராம் வரை. 'களிமண் சில்லு' என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், அது பல பொருள்களின் கலவையே. கனமான சில்லே உயர்ந்தது என்பது பரவலான தவறான எண்ணம். வீட்டு விளையாட்டுக்காகக் கடைகளில் விற்கப்படும் சில்லுகள், நடுவில் உலோகத் துண்டு வைக்கப்பட்டிருப்பதால், உண்மையான கேசினோ சில்லுகளைவிடக் கனமாக இருப்பதுண்டு.

அமெரிக்காவில் 5 டாலருக்குச் சிவப்பு, 25-க்குப் பச்சை, 100-க்குக் கறுப்பு, 500-க்கு ஊதா என்பது பரவலான வழக்கம். விளிம்பில் உள்ள வண்ணப் பட்டைகள் அழகுக்காக மட்டும் அல்ல. அடுக்கி வைத்த சில்லுகளில் வேறு மதிப்புள்ள ஒன்று கலந்திருந்தால், கூரையிலுள்ள கண்காணிப்புக் கருவி வழியே பார்ப்பவருக்கும் அது தெரிந்துவிடும்.

ரூலெட் மேசையில் மட்டும் தனி ஏற்பாடு உண்டு. அங்கே பலர் ஒரே எண்ணின் மீது பந்தயம் வைப்பதால், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நிறச் சில்லு தரப்படும். அதில் மதிப்பு அச்சிடப்பட்டிராது. வாங்கும்போது முடிவு செய்யப்பட்ட மதிப்பே அதற்கு உண்டு. அதனால் அந்தச் சில்லு அந்த மேசைக்கு வெளியே செல்லாது.

செவ்வகத் தகடுகள்

பக்காரா போன்ற ஆட்டங்களில் ஒரே பந்தயத்தில் பெருந்தொகை வைக்கப்படும். அதற்கு வட்டச் சில்லுகளைக் குவிப்பதைவிட ஒரு பெரிய தகடு வசதியானது. ஐரோப்பிய விடுதிகளின் தகடுகள் முத்துச்சிப்பியின் பளபளப்பை ஒத்த நெகிழியால் செய்யப்படுகின்றன. ஒவ்வொரு தகட்டிலும் வரிசை எண் இருப்பதால், எந்தத் தகடு வெளியே இருக்கிறது என்பதை விடுதியால் அறிய முடியும். 'கேசினோ ராயல்' (2006) திரைப்படத்தின் சீட்டாட்டக் காட்சிகளில் இத்தகைய தகடுகளைக் காணலாம்.

கள்ளச் சில்லும் பாதுகாப்பும்

புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் குறிகள், நுண்ணிய எழுத்துகள் ஆகியவற்றுடன், வானொலி அலையால் அடையாளம் காட்டும் மின்னணுச் செதில்களும் இப்போது சில்லுகளில் பதிக்கப்படுகின்றன. 2010 திசம்பரில் லாஸ் வேகஸ் நகரின் பெல்லாஜியோ விடுதியில், தலைக்கவசம் அணிந்த ஒருவர் துப்பாக்கி முனையில் ஏறத்தாழ 15 இலட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளைக் கொள்ளையடித்தார். விடுதி தன் 25,000 டாலர் சில்லுகளைக் குறிப்பிட்ட நாளுக்குள் மாற்றிக்கொள்ளும்படி அறிவித்து, அந்த வரிசையையே செல்லாததாக்கியது. சில்லுகளை விற்க முயன்றபோது கொள்ளையர் பிடிபட்டார்.

2014-இல் அட்லாண்டிக் சிட்டியின் போர்காட்டா விடுதியில் நடந்த போக்கர் போட்டியில் ஒருவர் போலிச் சில்லுகளைக் கலந்தார். பின்னர் அச்சம் கொண்டு, எஞ்சியவற்றைத் தங்கியிருந்த அறையின் கழிப்பறையில் கொட்டினார். குழாய் அடைத்துக்கொண்டதால் குற்றம் வெளிப்பட்டது, போட்டியும் கைவிடப்பட்டது.

சட்டநிலை

நெவாடா விதிகளின்படி, சில்லு பணம் அன்று. வைத்திருப்பவருக்கு விடுதி தர வேண்டிய கடனுக்கான சான்று மட்டுமே அது. ஆட்டக்காரரின் கையில் இருந்தாலும் சில்லு விடுதியின் உடைமையே. ஒரு காலத்தில் லாஸ் வேகஸில் ஒரு விடுதியின் சில்லை மற்றொரு விடுதி ஏற்றதும், கடைகளிலும் தேவாலயக் காணிக்கைத் தட்டுகளிலும் அவை புழங்கியதும் உண்டு. மக்காவு விடுதிகளில் பணமாக மாற்ற முடியாத, பந்தயம் கட்ட மட்டுமே பயன்படும் சில்லுகளும் இருந்தன. கறுப்புப் பணத்தைச் சில்லாக்கி, மீண்டும் 'வென்ற பணமாக' மாற்றும் மோசடியைத் தடுக்கப் பல நாடுகள் பெருந்தொகைப் பரிமாற்றங்களைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகின்றன.

சில்லும் மனமும்

சில்லு எண்ணுவதற்கு எளிது, கையாள விரைவானது. இவற்றோடு, விடுதிக்குச் சாதகமான மற்றொரு பண்பும் அதற்கு உண்டு: அது பணத்தைப் பணமாகத் தோன்றாமல் செய்கிறது. பணத்தாளை எடுத்துக் கொடுக்கும்போது அது எத்தனை நாள் உழைப்பு, எந்த மாத வாடகை என்ற நினைவு வரும். வண்ண வில்லையைத் தள்ளும்போது அந்த நினைவு மங்குகிறது. மேலும், பணம் சில்லாக மேசையிலேயே மாறுகிறது; சில்லைப் பணமாக்கப் பெரும்பாலும் எழுந்து காசாளர் கூண்டுவரை நடக்க வேண்டும். அந்த வழியிலும் மேசைகள் உள்ளன.

இணையச் சூதாட்டத்தில் சில்லு, திரையில் தெரியும் வெறும் படமாகிவிட்டது. கையில் கனம்கூட இல்லாத இந்தச் சில்லை வாங்க ஒரு விரல் தொடுகை போதும். பணமோ வேறு பந்தயமோ வைத்து இணையத்தில் ஆடும் அதிர்ஷ்ட விளையாட்டுகளைத் தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வெனிசின் நாணயம் முதல் திரையின் படம் வரை, பந்தயப் பொருளின் எடை குறைந்துகொண்டே வந்துள்ளது. அதன் பின்னால் உள்ள கடனின் எடை குறையவில்லை.