உங்களுக்குத் தெரியுமா? டெக்கீலாவின் பொன்நிறம் வயதுக்குச் சாட்சி அல்ல!

கேரமல் நிறமி, ஓக் மரச் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை மொத்த எடையில் 1 சதவீதம் வரை டெக்கீலாவில் சேர்க்க மெக்சிகோவின் தர விதி இடம் தருகிறது. புட்டியில் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. எனவே ஒரு சிறு வடிசாலையின் கைப்பக்குவத்தை எடைபோட, பீப்பாயைப் பார்க்காத ‘பிளாங்கோ’வைத்தான் முதலில் சுவைக்க வேண்டும். அது பச்சைச் சரக்கு அல்லவா என்பார்கள். ஆனால் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மண்ணில், டெக்கீலாவுக்கு மூலமான நீல அகேவ் செடி முற்றவே 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். ‘ரெபோசாடோ’ என்ற பெயருக்கு ஓக் மரத்தில் 2 மாதமும், ‘அன்யெஹோ’வுக்கு 1 ஆண்டும் போதும். காத்திருப்பில் பெரும்பங்கு வயலில்தான். செங்கல் அடுப்பில் நிதானமாக வெந்த அகேவ், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு போல மணக்கும். பின்னாலேயே மிளகுக் காரம் நாக்கில் ஏறும். வேக்காடு பிசகினால் பிளாங்கோவில் ஒளிய இடமில்லை. (உப்பும் எலுமிச்சையும் வேண்டாம், இரண்டும் குறையை மூடிவிடும்.)

அப்படியானால் பீப்பாய் வெறும் வேஷமா? அல்ல. ஓக் மரம் காரத்தைத் தணித்து, வெனிலாவும் பட்டையும் கலந்த வாசம் தருகிறது. ஆனால் நல்ல அன்யெஹோவில் அதற்கடியில் அகேவ் தெரிய வேண்டும். வெனிலா மட்டுமே தெரிந்தால் மரத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். வாங்கும்போது ‘100% அகேவ்’ என்ற வரியோடு, ‘நோம்’ என்ற 4 இலக்க எண்ணையும் பாருங்கள். அது வடிசாலையின் எண். வெவ்வேறு பெயருள்ள பல புட்டிகளில் ஒரே எண் இருக்கும்.