சித்திரை வெயிலில் புல்தரை

பங்குனி பிறந்துவிட்டால் தஞ்சாவூரைச் சுற்றி எந்த வயலில் இறங்கினாலும் அறுத்த நெல்தாளும், சம்பா ஈரத்தை நம்பி விதைத்த உளுந்தும் பயறும்தான் கண்ணில் படும். வழக்கமான ஆண்டில் மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவார்கள். மறுபடி திறப்பது ஜூன் 12-இல். இடையில் வாய்க்கால் வறண்டு, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

வீட்டு முன்வாசலில் புல்தரை வைத்திருப்பவர்களுக்குக் கவலை தொடங்குவதும் இந்த நாட்களில்தான். முதலில் ஓரம் காய்கிறது, பிறகு நடுவில் திட்டுத் திட்டாகப் பழுக்கிறது. உடனே தினமும் மாலையில் டியூபைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறோம். போதாதென்று ஒரு பிடி யூரியாவையும் தூவுகிறோம். இரண்டுமே இந்தப் பருவத்துக்கு ஒத்துவராதவை.

வசந்தம் வந்ததும் உரம் போட்டு, ஒட்ட வெட்டிவிடச் சொல்வது குளிர்நாட்டு வழக்கம். அங்கே பனிக்காலத்தில் உறங்கிய புல், மண் சூடேறியதும் துளிர்க்கிறது. தஞ்சையில் தை மாத விடியற்காலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். நம்மூர்ப் புல் தண்ணீர் இல்லாமல்தான் உறங்கப் போகிறது. அதனால் இளவேனில் இங்கே வளர்க்கும் காலமாக இல்லாமல், காக்கும் காலமாகிவிடுகிறது.

வரப்பில் இருக்கும் விடை

வயல் வரப்பு அருகம்புல்லுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சித்திரையில் மேலே வைக்கோல் நிறமாகத் தெரியும் இடத்தை மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில், வெளிர் மஞ்சள் நிறத்தில், கணுக் கணுவாக மண்ணடித் தண்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கணுவிலும் செதில் இலை மூடிய ஒரு மொட்டு. மாவுச்சத்தைத் தண்டில் சேர்த்து வைத்துவிட்டு, இலையைக் காயவிட்டுக் காத்திருக்கிறது புல். ஒரு கணுத் துண்டு தப்பினாலும் முளைத்துவிடும். வயலுக்குள் வந்தால் களை என்று திட்டுகிற விவசாயி, வரப்பு கரையாமல் பிடித்துக்கொள்ள அதையே விட்டும் வைக்கிறார்.

நெல்லும் அருகும் ஒரே குடும்பம். ஆனால் வெயிலைக் கையாளும் விதம் வேறு. நெல்லின் இலையில் கரியமிலவாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, வெப்பம் கூடக்கூட அதற்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்து ஏமாந்துபோகிறது. அருகம்புல் வேறொரு நொதியால் வாயுவை முதலில் நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் கொண்டு சேர்க்கிறது. மற்ற மடைகளை அடைத்து, இருக்கிற தண்ணீரை நாற்றங்காலுக்கு மட்டும் திருப்பிவிடுவது போன்ற ஏற்பாடு இது. அங்கே வாயு அடர்ந்து நிற்பதால் ரூபிஸ்கோ தடுமாறுவதில்லை. இலைத்துளைகளை அதிகம் திறக்கவும் வேண்டாம். அதே எடை வளர ஏறத்தாழ பாதித் தண்ணீர் போதும். கரும்பும் சோளமும் இந்த வகைதான். நர்சரியில் கொரியன் கிராஸ் என்று கேட்டு வாங்கும் புல்லும் அப்படியே. இந்த ‘சி-4’ பாதையை 1960-களில் ஆஸ்திரேலியாவில் விளக்கியவர்கள் ஹேட்ச், ஸ்லாக் இருவரும். நெல்லுக்கும் இதே திறனைக் கொடுக்கப் பன்னாட்டு விஞ்ஞானிகள் இன்றும் முயன்றுவருகிறார்கள்.

கோடைப் பக்குவம்

வெயிலைத் தாங்கப் பிறந்த இந்தப் புல்லைக் கெடுப்பது தினமும் மேலாக நனைப்பதுதான். மேல்மண் மட்டும் ஈரமானால் வேரும் மேலேயே படர்ந்து, ஒரு நாள் தவறினாலும் வாடிவிடும். வாரம் ஒருமுறை ஆழமாக விடுவதே நல்லது. 10-க்கு 10 அடி இடத்தில் 25 மில்லிமீட்டர் அளவு நீர் இறங்கச் சுமார் 230 லிட்டர், அதாவது 15 குடம் வேண்டும். டெல்டாவின் களிமண் மெதுவாகத்தான் குடிக்கும். பாதியை விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீதியை விட்டால் தெருவுக்கு ஓடாது. வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணில் நீர் சீக்கிரம் இறங்கிவிடும். அளவைக் குறைத்து, வாரம் இருமுறையாகப் பிரித்து விடலாம். விடியற்காலையே ஏற்ற நேரம். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது வெட்டு. புல்லின் வளர்முனை அடியில் இருப்பதால்தான் நுனியை வெட்டினாலும் அது சாவதில்லை. ஆனால் இலை குறைந்தால் வேருக்குப் போகும் உணவும் குறையும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. கோடையில் ஒன்றரை முதல் இரண்டு அங்குல உயரம் விட்டால் மண்ணுக்கும் நிழல் கிடைக்கும். வெட்டிய நுனிகளை அங்கேயே உதிரவிட்டால் அவற்றிலுள்ள தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. காய்ந்த மண்ணில் விழுந்தால் வேரடியில் உப்பு ஏறிப் புல் கருகும். ஈரம் இருந்தாலோ இளந்தளிர் கிளம்பி, இன்னும் தண்ணீர் கேட்கும். மழை தொடங்கிய பின் 100 சதுர அடிக்கு 100 கிராம் தூவி, உடனே நீர் விட்டால் போதும். புதிதாகப் புல் பதிக்க நினைப்பவர்களும் ஆவணி வரை பொறுக்கலாம். ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். மாமர நிழலில் மட்டும் அருகம்புல் வேண்டாம். வெயில் இல்லாத இடத்தில் அது மெலிந்துதான் போகும்.

கோரை முளைத்திருந்தால் வெட்டிப் பயனில்லை. மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை திரும்ப வரும். ஈரம் இருக்கும் நாளில் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும்.

தண்ணீரே இல்லையென்றால் புல் பழுக்கட்டும். அதன்மேல் நடமாட்டத்தைக் குறைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் நீர் காட்டினால் தண்டு உயிரோடிருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு கணுவைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் புல் சாகவில்லை. குடிநீருக்கே குடத்தோடு நிற்கும் கோடையில், முன்வாசல் இரண்டு மாதம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.