வாடகைத் துப்பாக்கிக்கு யார் பொறுப்பு?

பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடி, வேப்பந்தட்டைப் பக்கத்து மக்களுக்கு ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் பட்டுப் பழகிய ஒன்று. அதை ஒட்டிய வாலிகண்டபுரத்தில் 1751ஆம் ஆண்டு ஒரு போர் நடந்தது. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்ட காலம் அது. ஒருவர் பக்கம் ஆங்கிலேயர் நின்றார்கள், இன்னொருவர் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் நின்றார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் போரிலேயே இல்லை. 1748 அக்டோபரில் இரண்டு அரசர்களும் சமாதான ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அடுத்த போரை அறிவித்தது 1756இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் வயல்வெளிகளில் சுட்டுக்கொண்டவை இரண்டு வணிகக் கம்பெனிகளின் படைகள். அரசர்கள் கைகுலுக்கிக்கொண்டிருக்க, கம்பெனிகள் நவாபுகளுக்கு வாடகைக்குப் படை அனுப்பி நாட்டைப் பிடித்தன. தனியார் ராணுவ நிறுவனம் என்று இன்று செய்தித்தாள்களில் வருவதைப் புதுமையாக நினைப்பவர்கள், அது நம் மாவட்டத்து வழியாகவே நடந்து போயிருப்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய நிறுவனம் விற்பது வீரத்தையோ திறமையையோ அல்ல. “அது நாங்கள் இல்லை” என்று ஓர் அரசு சொல்லிக்கொள்ளும் வசதியைத்தான் அது முதலில் விற்கிறது. ரஷ்யாவின் வாக்னர் படை சிரியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் சண்டையிட்டபோது, அதற்கும் அரசுக்கும் தொடர்பில்லை என்றே மாஸ்கோ பல ஆண்டுகள் சொல்லிவந்தது. 2023 ஜூனில் அதன் தலைவர் பிரிகோஷின் கலகம் செய்து மாஸ்கோவை நோக்கிப் படை நடத்தினார். அது அடங்கிய சில நாட்களிலேயே, வாக்னருக்கு முழுச் செலவும் அரசுதான் கொடுத்தது என்று அதிபர் புதினே சொன்னார். இரண்டு மாதத்தில் பிரிகோஷின் விமானம் விழுந்து இறந்தார். ஆங்கிலேயக் கம்பெனியின் சிப்பாய்த் தளபதியாக உயர்ந்து, பிறகு அந்தக் கம்பெனியையே எதிர்த்து, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானை அறிந்த மதுரைக்காரர்களுக்கு இது புதுக் கதையாகப் பட்டிருக்காது.

தமிழர்கள் இதை இன்னும் அருகிலிருந்து அனுபவித்த இடம் இலங்கை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஜெயவர்த்தனா அரசு ராணுவ உதவி தேடி மேற்கு நாடுகளின் கதவைத் தட்டியது. பிரிட்டனுக்குச் சங்கடம்: கொழும்புக்கு நேரடியாகப் படை உதவி செய்தால் டெல்லி கோபித்துக்கொள்ளும், டெல்லியிடம் பெரிய ஆயுத வியாபாரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் நுழைந்தது கீனி மீனி சர்வீசஸ், சுருக்கமாக கேஎம்எஸ். பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படையில் இருந்து வெளியேறிய அதிகாரிகள் 1970களில் தொடங்கிய நிறுவனம். 1984 முதல் அவர்கள் இலங்கைப் போலீசின் சிறப்பு அதிரடிப்படைக்குக் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவில் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு ராணுவத்துக்கும் கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் விமானிகளையும் அனுப்பினார்கள். இந்தியா முறையிட்டபோது லண்டன் கொடுத்த பதில், இது ஒரு தனியார் நிறுவனத்தின் வியாபாரம் என்பதுதான். அதே அதிரடிப்படை 1987 ஜனவரி இறுதியில் மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையில் இறால் பண்ணைத் தொழிலாளர்கள் உட்பட எண்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கொன்றதாக உள்ளூர் மக்களின் கணக்கு சொல்கிறது. பயிற்சி கொடுத்தவர்களின் பங்கைப் பற்றி லண்டன் மாநகரப் போலீசின் போர்க்குற்றப் பிரிவு விசாரணை தொடங்கியது 2020இல், பத்திரிகையாளர் பில் மில்லரின் நூல் வெளிவந்த பிறகு. அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

கேஎம்எஸ்ஸில் இருந்தவர்கள் சிலர் வாய் திறந்திருக்கிறார்கள், அதனால்தான் உள்ளே நடந்தது ஓரளவாவது நமக்குத் தெரிகிறது. டிம் ஸ்மித் என்ற முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ விமானி, இலங்கையில் கேஎம்எஸ்ஸுக்காக ஹெலிகாப்டர் ஓட்டிய காலத்தைப் பற்றி ஒரு நினைவு நூலே எழுதினார். தன்னைத் தயக்கத்தோடு போன கூலிப்படையாள் என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டவர் அவர். 1980இல் லண்டன் ஈரானியத் தூதரக மீட்பில் பங்கெடுத்த ராபின் ஹார்ஸ்ஃபால், இலங்கை வேலையில் சில மாதங்கள் இருந்துவிட்டு விலகியவர். தான் தவறான பக்கத்தில் நின்றதாகப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னவர். இவர்கள் அனுபவத்தில் பொதுவாகத் தெரிவது ஒன்று: ஒப்பந்தத்தில் “பயிற்சி” என்று இருக்கும், களத்தில் அது மெல்ல மெல்லப் போராகிவிடும். இலங்கை விமானிகள் போதாததால் சொல்லிக்கொடுக்க வந்தவரே ஆயுதம் பூட்டிய ஹெலிகாப்டரை ஓட்ட வேண்டியதாயிற்று. இதில் எந்த இடத்தில் எல்லை தாண்டப்பட்டது என்று கேட்க அங்கே நாடாளுமன்றமும் இல்லை, தணிக்கையும் இல்லை. கூலிப்படையாளுக்கு ஒரு நன்மை உண்டு என்று வாதிடுவார்கள்: மனசாட்சி உறுத்தினால் வேலையை விட்டுவிடலாம், அரசுச் சிப்பாய்க்கு அந்த உரிமை கிடையாது. உண்மைதான். ஆனால் ஒருவர் விலகினால் நிறுவனம் அடுத்த ஆளை அனுப்புகிறது. அவர் பயிற்றுவித்த படையும் அங்கேயே இருக்கிறது. விலகியவரின் நிம்மதி அவரோடு முடிந்துவிடும்.

அரசுப் படைகள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டது இந்திய அமைதிப்படையின் குண்டுகளால். அதற்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. கூலிப்படை என்றால் வெள்ளைக்காரர்கள்தான் என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவு அரசைக் கவிழ்க்க ஒரு மாலத்தீவு வியாபாரி கூட்டிச்சென்றது இலங்கையின் புளொட் ஆயுத இயக்கத்துத் தமிழ் இளைஞர்களைத்தான். ஆனால் அரசுப் படைக்கு ஒரு விலாசம் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் என்ரிகா லெக்சி கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படையினர் கேரளக் கடலில் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இத்தாலியும் இந்தியாவும் ஒன்பது ஆண்டுகள் மல்லுக்கட்டின, வழக்கு ஹேக் தீர்ப்பாயம் வரை போனது, கடைசியில் இத்தாலி பத்துக் கோடி ரூபாய் கட்டியது. நீதி முழுதாகக் கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது. இதற்கு மாறாக, பாக்தாத்தில் 2007 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் பிளாக்வாட்டர் நிறுவனத்தின் காவலர்கள் நிசூர் சதுக்கத்தில் 17 ஈராக்கியர்களைச் சுட்டுக் கொன்றபோது, அந்த நாட்டின் நீதிமன்றம் அவர்களைத் தொட முடியாதபடி அமெரிக்கா ஏற்கெனவே ஆணை போட்டுவைத்திருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவிலேயே நான்கு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2020 டிசம்பரில் டிரம்ப் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. தென்னாப்பிரிக்காவின் எக்ஸிகியூட்டிவ் அவுட்கம்ஸ் 1995இல் சியரா லியோனுக்குள் இறங்கி, தலைநகரை நெருங்கிவிட்ட கிளர்ச்சியாளர்களைச் சில நூறு பேரைக் கொண்டே விரட்டியது. ஐ.நா. செய்யாததைக் கம்பெனி செய்தது என்று இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1997 தொடக்கத்தில் அந்த நிறுவனம் வெளியேறியது. மே மாதமே அங்கே ராணுவப் புரட்சி. வாடகைப் படை போரை நிறுத்தலாம். நாட்டுக்கென்று ஒரு படையை அது உருவாக்கித் தருவதில்லை, அப்படி உருவானால் அதற்கு வேலையும் இல்லை.

பொறுப்பில்லாத இந்தத் தொழிலில் வேலைக்குப் போகிறவனே பல நேரம் முதலில் அடிபடுகிறான். 2013 அக்டோபர் 12 அன்று தூத்துக்குடி அருகே பிடிபட்ட சீமேன் கார்டு ஓஹியோ கப்பலை நினைவிருக்கலாம். நிறுவனம் அமெரிக்காவினுடையது, கொடி சியரா லியோனுடையது, காவலர்கள் பிரிட்டன், எஸ்தோனியா, உக்ரைன், இந்தியா என்று கலந்தவர்கள். கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பது அவர்கள் வேலை. அது தேவையற்ற வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உரிய அனுமதியில்லாத துப்பாக்கிகளோடு இந்தியக் கடலுக்குள் வந்ததாக வழக்கானபோது, கப்பலில் இருந்த 35 பேரும் சிறைக்குப் போனார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டு தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. நான்கு ஆண்டுகள் போயின. நாலு நாட்டு அரசுகளும் ஒரு நிறுவனமும் ஒரு கொடியும் இருந்தும், கம்பிக்குப் பின்னால் நின்றவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் மட்டுமே. ரஷ்ய ராணுவத்தில் உதவியாளர் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போகப்பட்டு உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்ட இந்தியர்களின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதே. அது தனியார் நிறுவனம் அல்ல, ஆனால் ஆள்பிடித்த முறை ஒன்றுதான். அவர்களில் 12 பேர் இறந்ததாக 2025 ஜனவரியில் நம் வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது.

சட்டம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. கூலிப்படைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் உருவானது. அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா, இந்தியா எதுவும் அதில் சேரவில்லை. கூலிப்படையாள் யார் என்பதற்குச் சர்வதேசச் சட்டம் வைத்திருக்கும் நிபந்தனைகளும் ஒன்றுவிடாமல் பொருந்த வேண்டியவை. நல்ல வக்கீல் ஒருவர் இருந்தால் எவரும் நழுவிவிடலாம். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், மத்திய அரசைக் கலந்து தரப்படும் அனுமதி இல்லாமல் எந்த முகமையும் வெளிநாட்டில் காவல் பணி செய்யக்கூடாது என்கிறது. பூலாம்பாடியைப் போல வெளிநாட்டு வேலைக்கு ஆட்களை அனுப்பிப் பழகிய ஊர்களுக்கும், ஓய்வுபெற்று வந்த படைவீரர்களின் வீடுகளுக்கும் இது ஏட்டுச் செய்தி அல்ல. “செக்யூரிட்டி”, “உதவியாளர்” என்று பெரிய சம்பளத்தோடு ஓர் ஒப்பந்தம் வந்தால், முகவர் அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வேலை, குண்டடிபட்டால் பணம் கொடுப்பது யார் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.