வாடகை கேட்காத கடைவாசல்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் துணைவியாரும் நாமும் மோட்டார் ஹோமில் ஒரு நாள் பயணம் செய்தோம். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. கிராண்ட் கேன்யனைப் பார்த்துத் திரும்புகையில் இருட்டிவிட்டது, முகாம்களில் இடமில்லை. குடிநீர்த் தொட்டியும் காலி!

40-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் வால்மார்ட் கடை ஒன்று தென்பட்டது. உள்ளூர்ச் சட்டம் தடுக்காத ஊர்களில் இக்கடைகள் பலவும் இத்தகைய வண்டிகளை இரவில் நிறுத்த விடுகின்றன. மேலாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டோம். "ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றார். வாடகை கிடையாது. நம் கடைவாசலில் அயலூர் வண்டி நின்றால் விரட்டுவது நினைவுக்கு வந்தது.

உறங்குமுன் தண்ணீர், பால், ரொட்டி வாங்கினோம். விடிந்ததும் முட்டை, காய்கறி, துணைவியாருக்கு ஒரு போர்வை. பில் 60 டாலரைத் தாண்டியது. பக்கத்தில் நின்ற மூன்று வண்டிக்காரர்களும் கூடையோடு எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.