ஒரே பருத்திக்கொட்டைதான்... பசுவுக்குச் சத்து, கன்றுக்கு ஆபத்து! ஏன்?

ஊர்ல தாத்தா வீட்டு மாட்டுத் தொழுவத்தைப் பார்த்திருக்கீங்களா? ராத்திரி ஊறவெச்ச பருத்திக்கொட்டையை ஆட்டி, தவிடு கலந்து, காலையில பசுவுக்கு வைப்பாங்க. பசு குடிச்சு முடிச்சதும் வாளியில இருக்குற மிச்சத்தை நக்க கன்றுக்குட்டி வந்து நிக்கும். ‘பாவம், அதுவும் கொஞ்சம் குடிக்கட்டுமே’னு தோணும்ல? வேண்டாம்!

காரணம், காஸிப்பால். பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள பருத்திச்செடியே உருவாக்கும் மஞ்சள் நிற நச்சுப்பொருள் இது. பசுவின் முதல் இரைப்பையான ரூமனில் வாழும் நுண்ணுயிரிகளும் அங்குள்ள புரதமும் இதன் வீரியத்தைப் பெருமளவு குறைத்துவிடும். கன்றுக்கு முதல் சில மாதங்களில் ரூமன் முழுசா வளர்ந்திருக்காது. அதனால் நச்சு நேராக உடம்பில் சேர்ந்து, இதயத்தைப் பாதிக்கும். திடீர் மரணம்கூட நேரலாம். காளைகளுக்கு விந்தணு பாதிக்கப்படும். 1970-களில் சீனாவில் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே காஸிப்பாலைச் சோதித்தார்கள் என்றால் பாருங்களேன்!

‘அதான் ஊறவைக்கிறோமே?’

ஊறவெச்சா கொட்டை மென்மையாகும், ஆட்ட வசதியா இருக்கும். அவ்ளோதான். காஸிப்பால் தண்ணீரில் கரையாது.

முழுசா, ஆட்டியா?

பருத்திக்கொட்டையில் சுமார் 20 சதவிகிதம் புரதம், கிட்டத்தட்ட அதே அளவு எண்ணெய் இருக்கிறது. முழுசா கொடுத்தால், மாடு அசைபோட அசைபோட எண்ணெய் மெதுவாக வெளிவரும். ஆட்டிக் கொடுத்தால் மொத்தமாக வெளிவந்துவிடும். மாடு தின்னும் மொத்தத் தீவனத்தில் (ஈரம் நீக்கிய எடையில்) கொழுப்பு 6-7 சதவிகிதத்தைத் தாண்டினால், வைக்கோல், புல்லில் உள்ள நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மந்தமாகிவிடும். சத்துக்குக் கொடுத்ததே செரிமானத்தைக் கெடுத்தா எப்படி?

செக்குக்குப் போனால்?

எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கில் கொழுப்பு குறைவு, புரதம் அதிகம். ஆலையில் படும் சூட்டில் காஸிப்பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் நச்சும் குறைகிறது. ஆனா, அது ஒட்டிக்கொள்வது லைசின் என்ற அமினோ அமிலத்தோடு. அந்த லைசின் பிறகு உடம்புக்குக் கிடைக்காது. பசுவுக்கு ரூமன் நுண்ணுயிரிகளே புரதம் தயாரித்துத் தருவதால் இது பெரிய நஷ்டமில்லை. கோழிக்கு அந்த வசதி கிடையாது. மிச்சமிருக்கும் காஸிப்பாலால் முட்டையின் மஞ்சள் கரு பச்சையாகவும் மாறலாம்.

இதெல்லாம் நமக்கெதுக்கு?

ஈரம் பட்ட கொட்டையிலும் பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு உருவாகும். மாடு அதைத் தின்றால் பாலிலும் வரும். பாலைக் காய்ச்சினாலும் அது முழுசா அழியாது. அந்தப் பாலில்தான் நாம டீ போடுறோம்!

அதனால், கொட்டையோ பிண்ணாக்கோ, மூட்டையை ஈரம் படாமல் வைக்கச் சொல்லுங்க. பூஞ்சை வாடை அடிச்சா கொடுக்க வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போனா, பசு குடிச்சு முடிச்சதும் அந்த வாளியை முதல்ல எடுத்து வெச்சிடுங்க. கன்றுக்குத் தாய்ப்பால் இருக்கு!