தகரப் பெட்டியும் மின்னஞ்சற் பெட்டியும்

எங்கள் ஸ்பிரிங்வெளி வீட்டில் காலஞ்சென்ற பாட்டியாரின் தகரப் பெட்டியொன்று இன்றும் கட்டிலின் கீழ் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்களும் அரிசிக் கூப்பன் புத்தகமும் துணியில் முடிந்து அதனுள் வைக்கப்பட்டிருந்தன. எழுத்தறியாத அவர், எந்தக் கடதாசி எந்த முடிச்சில் உள்ளதென்பதை இருட்டிலும் எடுத்துக் காட்டுவார். அதற்குக் காரணமுண்டு. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோர், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிரூபித்தல் வேண்டும். கடதாசி இல்லாதவர் யாது செய்வார்? விண்ணப்பங்களுள் மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன், பயிற்சி நிலையமொன்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு மின்னஞ்சலில் வந்து, கடை விளம்பரங்களின் அடியிற் கிடந்தது. அவன் அதைக் கண்டபோது குறித்த நாள் கடந்து பதினொரு நாட்களாகிவிட்டன. "தபால் வரும் வருமென்று வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன் சேர்" என்றான். அவனுடைய தாயார், "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சேர்?" என்றார். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரியை எழுதும்படி சொன்னவன் நானே. அதைப் பேணக் கற்பிக்கவில்லை. என் பெட்டியிலேயே அன்று மூவாயிரத்துக்கு மேல் வாசிக்காத கடிதங்கள் இருந்தன!

லயங்களுக்குத் தனி முகவரி இல்லாமையால், தோட்டத்துக் கடிதங்கள் நெடுங்காலம் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்தே கைமாறின. ஆதலின் நம் பிள்ளைகள் பலருக்குத் தம் பெயரிலேயே அமைந்த முதல் முகவரி மின்னஞ்சல்தான். அதையும் நகரத்துக் கொமியூனிகேஷன் கடைக்காரரே திறந்து, கடவுச்சொல்லையும் அவரே வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெட்டி நம்முடையது, திறப்பு அவருடையது! முதலில் அதை மாற்றுக.

வேலைத்தலத்தில் தரப்படும் முகவரி, வேலையை விட்டால் போய்விடும். வங்கி, பரீட்சை, கடவுச்சீட்டு ஆகியவற்றுக்குச் சொந்த முகவரியே தகும்.

கடிதங்களைப் பிரித்து வைத்தல் பெரிய வித்தையன்று. 2004இல் தொடங்கிய ஜிமெயிலில் 'பரீட்சை', 'வங்கி', 'மருந்து' எனப் பெயர்ச்சீட்டுகள் இட்டு வைக்கலாம். பதில் எழுத வேண்டியதற்கு நட்சத்திரக் குறி போதும். முடிந்ததை அழிக்காது ஆவணப்படுத்தினால் அது கண்ணுக்கு மறையும், தேடினால் வரும். விளம்பரக் கடிதங்களைத் தினமும் அழித்துக்கொண்டிருப்பதைவிட, அவற்றின் சந்தாவை ஒரே முறையில் நீக்கிவிடுதல் நன்று. ஆனால் ஸ்பாம் பகுதியை வாரமொருமுறை பார்த்தேயாக வேண்டும். நல்ல கடிதமும் அங்கே தவறிப் போய் விழுவதுண்டு, 30 நாட்களில் அது தானே அழிந்துவிடும். இரண்டு ஆண்டுகள் திறவாத கணக்கையே கூகிள் நிறுவனம் நீக்கிவிடலாம் என்பதும் பலர் அறியாதது.

நான் இப்போது இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம் ஒதுக்குகிறேன். மூவாயிரத்தைத் தீர்க்க ஒரு மாதம் பிடித்தது.

அம்மாணவன் இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறான். அவனுடைய தாயார் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதுவித்து, அடையாள அட்டைகளோடு சேர்த்து முடிந்து வைத்திருக்கிறாராம். அவ்வாறு எழுதி வைப்பது தவறென எங்கள் கல்லூரிக் கணினி ஆசிரியர் வாதிட்டார். நான் மறுக்கவில்லை, அந்த அம்மையாரிடம் போய்ச் சொல்லவுமில்லை.