அத்திப்பள்ளி வழியாக வட துருவம்!

ஓசூரில் உங்கள் வீட்டு டெலிபோன் அடிக்கிறது. ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து மகள் பேசுகிறாள்: "அம்மா, டாக்டர் தேதி சொல்லிவிட்டார். நீ பக்கத்தில் இருந்தால்தான் எனக்குத் தைரியம்!"

அவ்வளவுதான்! பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்குவதற்கு முன்பே மனசு கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு தூரம்? எத்தனை நேரம்?

பெங்களூரிலிருந்து நேர் வான்வழியில் சுமார் 14,000 கிலோ மீட்டர். சுவரில் தொங்கும் தேசப்படத்தைப் பார்த்தால், பசிபிக் சமுத்திரத்தைக் கடப்பதுதான் குறுக்கு வழி என்று தோன்றும். படம் தட்டை, பூமி உருண்டை ஆயிற்றே! ஒரு சாத்துக்குடியில் இரண்டு ஊர்களுக்கும் குண்டூசி குத்தி, நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஊசிகள் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். நூல் காம்புக்கு அருகே ஏறி இறங்கும். அந்தக் காம்புதான் வட துருவம்.

2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து ஓர் ஏர் இந்தியா விமானம் இந்தத் துருவ வழியாகவே பெங்களூருக்குப் புறப்பட்டது. ஜோயா அகர்வாலின் தலைமையில் அதை ஓட்டிய நான்கு பேரும் பெண்கள்! சுமார் 17 மணி நேரம் பறந்து, திங்கட்கிழமை விடியுமுன் இறங்கினார்கள்.

நடுவிலிருந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிற்று என்கிறீர்களா? ஒரு பகுதி ஆகாயத்தில் கரைந்தது; மீதியைக் கடிகாரம் விழுங்கிவிட்டது. கலிபோர்னியாவின் கடிகாரம் குளிர்காலத்தில் நம்மைவிடப் பதின்மூன்றரை மணியும், கோடையில் பன்னிரண்டரை மணியும் பின்தங்கி ஓடுகிறது. நீங்கள் போகும்போது அந்த நேரம் உங்களுக்கு லாபம்!

ஆனால், ஓசூர்க்காரர்களின் பிரயாணம் அத்திப்பள்ளி எல்லையில் அல்லவா ஆரம்பமாகிறது? 2008-ல் பெங்களூர் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனது. நாம் நகரத்துக்குத் தெற்கே, அது வடக்கே. இடையில் சுமார் 75 கிலோ மீட்டர். விமானத்துக்கு அது ஐந்து நிமிஷத் தூரம். நம் காருக்கோ ஸில்க் போர்டு, ஹெப்பால் என்று வழியெல்லாம் கண்டங்கள்!

ஓசூரிலேயே 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் மாதம் சட்டசபையில் அறிவித்தார்கள். நல்ல சேதிதான். ஆனால் உங்கள் மகளின் தேதி அதற்காகக் காத்திருக்குமா?

ஆகவே, கணக்கை இப்படிப் போடுங்கள். சாலைக்கு மூன்று மணி, நிலையத்தில் மூன்று மணி, நேரடி விமானமானால் ஆகாயத்தில் 17 மணி, அங்கே இறங்கிப் பரிசோதனைகள் முடிந்து வெளியே வர ஒரு மணி. ஆக, ஒரு முழு நாள். வழியில் விமானம் மாறினால் இன்னும் கூடும். விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள், கால் வீங்காது. சர்க்கரை வியாதிக்காரர்கள் மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் காலண்டர் பார்த்துப் பிறப்பதில்லை. ஆகையால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

அந்த 14,000 கிலோ மீட்டரை விமானி பார்த்துக்கொள்வார். முதல் 75 கிலோ மீட்டர்தான் உங்கள் பொறுப்பு!